பிளைத்பரோ சர்ச்: காசில்லாததால் பிழைத்த மரவேலை

இங்கிலாந்தின் பழைய சர்ச்சுகளில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது, எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் பிளைத்பரோ. சஃபோக் கவுன்ட்டியில், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிளைத் என்ற ஆற்றின் கழிமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கும் ஹோலி டிரினிட்டி சர்ச். "சதுப்புநிலக் கதீட்ரல்" என்று ஊரே சொல்லும். ஆனால் இது பிஷப்பின் தலைமைச் சர்ச்சான கதீட்ரல் இல்லை, ஒரு சின்ன கிராமத்தின் பங்குக் கோயில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் பழைய மரச்சாமான் பழுதுபார்ப்பது. ஆகவே இந்த விமர்சனம் மரத்தின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காகச் சர்ச் பார்க்கிறவர்கள் கிளஸ்டர்ஷயரில் ஃபேர்ஃபோர்டுக்குப் போங்கள், அங்கே பழைய கண்ணாடி ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. பிளைத்பரோவில் கண்ணாடி என்று பார்த்தால் மிச்சமிருப்பது சில துண்டு துணுக்குகள்தான். அந்த ஆசையோடு வந்தால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். ஆனால் ஓக் மரத்தை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி அறுத்தார்கள், எப்படிச் செதுக்கினார்கள், அதற்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஏ12 நெடுஞ்சாலையில் வரும்போதே தூரத்திலிருந்து தெரிந்துவிடும். சுற்றிலும் நாணலும் சேறும் தண்ணீரும், நடுவில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு கட்டடம். இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய சர்ச் எதற்கு என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். 15 ஆம் நூற்றாண்டில் இது சின்ன ஊர் இல்லை. ஆற்றில் கப்பல் வந்துபோன துறைமுக ஊர், சந்தை உண்டு, பக்கத்திலேயே அகஸ்டீனியத் துறவிகளின் மடம் ஒன்று. காசுள்ள வியாபாரிகள் சாகும்போது சர்ச்சுக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். செத்தபின் பாவம் கழியும் இடமான உத்தரிக்கும் ஸ்தலத்தில் தங்கள் ஆத்துமா படும் பாடு குறைய வேண்டும், அதற்கு ஊர்ஜனம் நித்தமும் ஜெபிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒருவர் ஜன்னலுக்குக் கொடுப்பார், இன்னொருவர் பெஞ்சுக்கு, வேறொருவர் ஞானஸ்நானத் தொட்டிக்கு. அப்படிச் சேர்ந்த காசில், பழைய சர்ச்சின் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டினார்கள். கோபுரம் 14 ஆம் நூற்றாண்டு. அதன் மொட்டையான, அலங்காரமற்ற முகத்தையும், அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் 15 ஆம் நூற்றாண்டுப் பகுதியின் பகட்டையும் தெற்குப் பக்கம் நின்று பார்த்தால், இரண்டும் வேறு வேறு காலம் என்பது யாரும் சொல்லாமலே புரியும். பிறகு ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெரிதாயின, 8 ஆம் ஹென்றி மடங்களைக் கலைத்தார், ஊர் இளைத்தது. சர்ச் மட்டும் அதே உடம்போடு நின்றுவிட்டது.

உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரை ஒரு சுற்று சுற்றுங்கள். சஃபோக்கில் கட்டடத்துக்கு ஆகிற கல் கிடையாது. மண்ணில் கிடைப்பது சிக்கிமுக்கிக் கல் ஒன்றுதான். அதை இரண்டாக உடைத்து, உள்ளே இருக்கும் கறுத்த பளபளப்பான முகம் வெளியே தெரியும்படி பதிக்கிறார்கள். நடுவே வெளியூரிலிருந்து கொண்டுவந்த வெளிர்நிறக் கல்லைச் சட்டம் சட்டமாக வெட்டி வைத்து, கறுப்பும் வெள்ளையுமாக உருவங்கள் காட்டுகிறார்கள். கிழக்குச் சுவரில், பெரிய ஜன்னலுக்குக் கீழே, இந்த முறையிலேயே கிரீடம் வைத்த எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன. கல்லுக்குக் கல் இடுக்கே தெரியாத வேலை. தெற்குப் பக்கக் கூரையின் விளிம்பில் கல்லில் பின்னல் போலத் துளையிட்ட கைப்பிடிச்சுவர், அதன்மேல் ஆங்காங்கே விநோத மிருகங்கள். கொத்தனார்கள் மேல் எனக்கு இருக்கும் பொறாமையை இதோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போகிறேன்.

கதவைத் திறந்ததும் வெளிச்சம். பழைய சர்ச் என்றால் இருட்டு, மெழுகு வாசனை, கறுத்த மரம் என்று மனதில் ஒரு படம் இருக்குமே, அது இங்கே செல்லாது. நடுக்கூடத்துக்கும் பீடத்துக்கும் இடையில் பிரிக்கிற வளைவு இல்லை. மேற்குக் கோடியிலிருந்து கிழக்கு ஜன்னல்வரை ஒரே ஓட்டம். மேல்வரிசையில் பக்கத்துக்கு 18 ஜன்னல், எல்லாவற்றிலும் வெறும் கண்ணாடி. சுவரெல்லாம் வெள்ளை. தரையில் செங்கல்லும் ஓடும், அதுவும் தேய்ந்து, மேடு பள்ளமாக. மரம்கூட கறுப்பு இல்லை. ஓக்கைச் சும்மா விட்டால் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறம்தான் இங்கே எங்கும். 19 ஆம் நூற்றாண்டில், விக்டோரியா ராணி காலத்துச் சீரமைப்புக்காரர்கள் எத்தனையோ சர்ச்சுகளில் பழைய பெஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, பைன் மரத்தில் புது பெஞ்சு போட்டு, மேலே கறுப்பு வார்னிஷ் அடித்து, தரைக்கு வழுவழு ஓடு பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வார்னிஷைச் சுரண்டிச் சுரண்டித்தான் நான் பாதி நாள் சோறு தின்கிறேன் என்பது வேறு விஷயம்.

இங்கே அது நடக்காததற்குக் காரணம் பக்தி இல்லை, பணமின்மை. மூன்று நூற்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்து, ஜன்னல்கள் பலவற்றைச் செங்கல் வைத்து அடைத்து, கூரை ஒழுகி, கடைசியில் மழைநாளில் ஆராதனைக்கு வந்தவர்கள் குடை பிடித்து உட்கார்ந்தார்களாம். 1881 இல் ஆபத்தான கட்டடம் என்று பிஷப் மூடச்சொல்லிவிட்டார். இடித்துப் பிரித்துப் புதுசாக்கிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. கவிஞரும் கைவினை வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877 இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் எதிர்க்கட்சி: ஒழுகுகிற இடத்தை மட்டும் அடையுங்கள், நிற்கிறதைத் தொடாதீர்கள் என்பது அவர்கள் கொள்கை. சண்டை வருஷக்கணக்கில் இழுத்தது. பெரிய சீரமைப்புக்குப் பணமும் சேரவில்லை. 1884 இல் சின்னச் சின்ன ரிப்பேரோடு திறந்தார்கள். பணம் சேர்ந்திருந்தால் கீழே நான் சொல்லப்போகிற பாதி சாமான் இன்று இருந்திருக்காது. ஒரு பழைய பொருளுக்கு மோசமான எதிரி கரையான் இல்லை, கையில் காசோடு வருகிற நல்ல மனசுக்காரர் என்பது என் தொழில் எனக்குக் காட்டியது. எங்கள் பட்டறையில் மாதம் ஒருமுறையாவது இதைச் சொல்லித்தான் யாரையாவது திருப்பி அனுப்புகிறோம்.

இப்போது பெஞ்சுகள். எல்லோரும் உள்ளே வந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் குனியுங்கள். நடுக்கூடத்துப் பெஞ்சுகளின் ஓரப் பலகைகள் 15 ஆம் நூற்றாண்டு ஓக். மற்ற ஊர்களில் இந்தப் பலகையின் உச்சியில் இலைக்கொத்து மாதிரி ஒன்றைச் செதுக்கிவிட்டுவிடுவார்கள். இங்கே உச்சிக்கு ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். கொடிய பாவங்கள் ஒரு கூட்டம், இரக்கத்தின் செயல்கள் ஒரு கூட்டம், பருவகால வேலைகள் ஒரு கூட்டம். படிக்கத் தெரியாத ஊருக்குப் பாடம்.

சோம்பல் என்கிறவன் படுக்கையில் இருக்கிறான், எழுந்திருக்க மனசில்லாமல். பேராசைக்காரன் தன் பணப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரனுக்குத் தொப்பை. புறங்கூறுபவன் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறான். இவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் விளையாட்டில் என் மனைவி எனக்கு முன்னால் போய்விட்டாள். பெருந்தீனியின் முன்னால் நின்று, "என்னங்க, இங்க வாங்க, உங்களை எப்பவோ செதுக்கி வச்சிருக்காங்க" என்று கூப்பிட்ட குரல் கூடத்தின் மறுகோடிக்குக் கேட்டிருக்கும். சர்ச்சுக்குள் சத்தமாகச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரித்தோம்.

பணப்பெட்டிக்காரனிடம் நான் ரொம்ப நேரம் நின்றேன். உருவத்தைத் தனியாகச் செய்து மேலே ஒட்டவில்லை. பெஞ்சின் ஓரப் பலகையும் அவனும் ஒரே மரம். அப்படியென்றால் அந்த ஆசாரி தொடங்கும்போது எவ்வளவு தடிமனான பலகையை எடுத்திருப்பார், எவ்வளவு மரத்தைச் சீவித் தள்ளியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகை நிற்கிற வாக்கில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், கீழிருந்து மேலே ஓடுகிறது. ரேகைக்குக் குறுக்கே எதை நீட்டினாலும் அது ஒரு நாள் உடையும். ஆகவே உருவங்களைக் குந்தவைத்து, கையை உடம்போடு ஒட்டி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கட்டுமஸ்தான ஒரு உருண்டையாக்கியிருக்கிறார். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் அது வேடிக்கைக்காகச் செய்ததில்லை. மரம் எவ்வளவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவன் செய்த வேலை. ரேகையை மீறித் துருத்திக்கொண்டிருந்த மூக்கும் விரலும் எங்கெங்கே போயிருக்கின்றன என்று பார்த்தால் இது விளங்கும். சில முகங்கள் கைபட்டுக் கைபட்டு வழுக்கையாகிவிட்டன. கூட்டத்தில் நடுவழி நோக்கிப் போகிறவன் பிடித்துக்கொள்ள வாகான உயரத்தில் அல்லவா இருக்கின்றன!

உட்கார்ந்து பார்க்க மறக்காதீர்கள். முதுகுப்பலகை செங்குத்து, இருக்கை ஒடுக்கம். பிரசங்கத்தில் தூங்கவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்திருக்கிறார்கள். சாமான் என்ற வகையில் வசதிக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு இரண்டு.

கிழக்கே, பீடத்துப் பக்கம், பாடகர் மேசைகள். இவற்றின் முன்முகத்தில் அப்போஸ்தலர்களும் புனிதர்களும் சின்னச் சின்ன மாடங்களில் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடையாளப் பொருள் ஒன்று. சாவி வைத்திருந்தால் பேதுரு, அந்தக் கணக்கு. பெஞ்சு செதுக்கியவரைவிட இவரது உளி நுணுக்கமானது. துணி மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எனக்கு இந்த மேசைகளில் பிடித்தது புனிதர்கள் இல்லை, மேல்பக்கம்தான்.

17 ஆம் நூற்றாண்டில் சர்ச்சுக்குள் இருக்கும், ஹாப்டன் குடும்பத்தின் பெயர் கொண்ட சிற்றாலயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, இந்த மேசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மைக்கூடு வைக்க மேசையில் துளை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பேனாக்கத்தியால் கீறித் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒருவன் தன் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் வயதையும் எழுதியிருக்கிறான்: டிர்க் லோவர்சன், ஸ்டாக்ஹோம், 1665, வயது 12. டச்சுக்காரப் பெயர். பையனின் அப்பா இந்தப் பக்கத்துச் சதுப்பில் தண்ணீர் வேலைக்கு வந்தவர் என்கிறார்கள். கைவிளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ரேகையோடு போகும் கோடுகள் மெல்லியதாக, சுத்தமாக இருக்கின்றன. ரேகைக்குக் குறுக்கே போன இடத்தில் கத்தி திணறி, மரம் பிய்ந்து, மறுபடி மறுபடி இழுத்திருக்கிறது. வைரம் பாய்ந்த ஓக் அது. பன்னிரண்டு வயசுக் கைக்கு ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. எத்தனை பாடவேளை இதற்கே போயிருக்குமோ. என் பட்டறைக்கு இப்படி ஒரு மேசை வந்தால், சொந்தக்காரர் முதலில் கேட்பது "கீறலை இழைத்து எடுத்துவிடுவீர்களா" என்பதாகத்தான் இருக்கும்.

இனி அண்ணாந்து பார்க்கலாம். கழுத்து வலிக்கும், தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். சஃபோக் கூரை என்றாலே சுவரிலிருந்து குட்டை உத்தரங்கள் படி படியாக நீட்டிக்கொண்டிருக்கும் பகட்டான வகையைத்தான் படம் போடுவார்கள். வூல்பிட்டிலும் மில்டன்ஹாலிலும் தேவதூதர் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். பிளைத்பரோ கூரை அதில்லை. கிட்டத்தட்ட தட்டை. சுவருக்குச் சுவர் போகும் பெரிய விட்டங்கள், நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்தவை, அவற்றின்மேல் கைமரங்கள், பலகை. ஆணி முக்கியமில்லை: ஒரு கட்டையின் நாக்கு மற்றதின் துளைக்குள் போய், குறுக்கே மர ஆணி அடித்து நிற்கிறது. அந்தக் காலத்தில் ஓக்கை ஈரமாகவே வெட்டிப் பொருத்திவிடுவார்கள். காயக் காயப் பொருத்து இறுகும். காய்ந்த ஓக்கில் உளி வைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

ஒவ்வொரு விட்டத்தின் நடுவிலும் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு தேவதூதர்கள், ஒருவர் கிழக்கே பார்க்க, மற்றவர் மேற்கே பார்க்க, இறக்கைகளை விரித்து. பெஞ்சில் சொன்னேனே, ரேகைக்குக் குறுக்கே நீட்டினால் உடையும் என்று, அதனால்தான் இந்த மாதிரி தேவதூதர்களுக்கு இறக்கையைத் தனிப்பலகையில் செதுக்கிச் செருகுவார்கள். மரமெல்லாம் வண்ணம். வெளிர் தளத்தின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்கள், இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்து முத்திரை, திரும்பத் திரும்ப. மங்கிப்போய்விட்டது, ஆனால் மேலே யாரும் மறுபடி பூசவில்லை. இன்று புதிதாக அடித்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

இவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பதற்குக் கதை இருக்கிறது. 1644 ஏப்ரல் 9 அன்று வில்லியம் டௌசிங் இங்கே வந்தார். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். பாராளுமன்றத் தரப்பின் உத்தரவோடு, சர்ச் சர்ச்சாகப் போய், மூடநம்பிக்கை என்று தோன்றும் உருவங்களை உடைப்பது அவர் வேலை. உடைத்ததை நாட்குறிப்பில் கணக்கும் எழுதிவைத்தார், அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. பிளைத்பரோ பதிவில் 20 படங்கள், 2 சிலுவைகள், இறந்தவர் ஆத்துமாவுக்கு ஜெபிக்கச் சொல்லும் கல்வெட்டுகள் 3, இன்னும் 200க்கு மேற்பட்ட படங்களை 8 நாளில் எடுக்கச் சொன்ன உத்தரவு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே பதில். கூடவே, 20 தேவதூதர்களை இறக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இறக்கவில்லை. ஏன் என்று நான் ஊகிப்பதைச் சொல்கிறேன்: அந்த உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும், விட்டத்தோடு பிணைந்த உருவத்தைப் பெயர்க்கத் தச்சன் வேண்டும், கூலி வேண்டும். உத்தரவு போட்டவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார், செலவு உள்ளூர்க்காரர் தலையில். யார் செய்வார்?

டௌசிங்கின் ஆட்கள் கீழேயிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள், தேவதூதர் உடம்பில் குண்டு இருக்கிறது என்று ஒரு கதை நெடுங்காலம் ஓடியது. தூண்களில் இருக்கும் இரும்பு வளையங்களும் பாராளுமன்றத் தரப்புத் தளபதி குரோம்வெல்லின் சிப்பாய்கள் குதிரை கட்டியவை என்பார்கள். மரத்தில் ஈயம் இருந்தது நிஜம். ஆனால் அது பறவை சுடும் பொடி ரவை. கூரைக்குள் கூடு கட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட மருந்தும் ரவையும் வாங்கிய செலவு 18 ஆம் நூற்றாண்டுச் சர்ச் கணக்கிலேயே இருக்கிறது. புரட்சிக்காரன் செய்ததாகச் சொல்லப்பட்டதைச் செய்தது சர்ச் நிர்வாகமே. எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

உருவம் உடைத்தவர்களின் கைவரிசையைக் கிட்டத்தில் பார்க்க ஞானஸ்நானத் தொட்டியிடம் போங்கள். எட்டுப்பட்டைக் கல்தொட்டி. பட்டைக்கொரு சிற்பம் இருந்திருக்கிறது. அத்தனையையும் மழித்துவிட்டார்கள். என்ன இருந்ததென்று சொல்ல முடியாத அளவுக்கு. அடிப்படியில் கொடை கொடுத்த ஜான் மேசன், அவர் மனைவி கேத்தரின் பெயர்கள் மட்டும் தப்பின. கல்லைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

வடக்குக் கதவைப் பார்க்காமல் யாரும் வெளியே வருவதில்லை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு ஆராதனை நடக்கும்போது பெரும் இடிமழை. கோபுரத்தின் மேலிருந்த கூம்பு உடைந்து கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஆட்கள் செத்தார்கள். அதே நாளில் பங்கே என்ற ஊரிலும் இடி விழுந்தது. இரண்டையும் சேர்த்து, கறுப்பு நாய் உருவத்தில் பிசாசு வந்தது என்று லண்டனில் ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் சிறு பிரசுரம் ஒன்று வெளியிட்டார். அந்த நாய்க்கு, சஃபோக்கும் சேர்ந்த கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தில், பிளாக் ஷக் என்று பெயர். அது வெளியேறும்போது பிறாண்டிய நகக்கீறல் என்று இந்தக் கதவில் கருகிய தடங்களைக் காட்டுகிறார்கள்.

கதவு அருமையான கதவு. தடங்களும் நிஜமான தீக்காயங்கள்தான். ஆனால் மரத்தில் தீ எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மின்னல் பாய்ந்த மரம் பிளக்கும், சிம்பு சிம்பாகத் தெறிக்கும். இங்கே இருப்பவை விரல் நீளத்துக்கு, அடியில் உருண்டு மேலே கூராகும் கண்ணீர்த்துளி வடிவக் குழிகள். மெழுகுவர்த்திச் சுடரை மரத்தோடு சாய்த்து ஒரே இடத்தில் நிதானமாகப் பிடித்தால் இந்த வடிவம் வரும். இதே போன்ற குழிகளை இங்கிலாந்தின் பழைய வீடுகளில் கதவு நிலையிலும் அடுப்பு உத்தரத்திலும் நிறையப் பார்க்கலாம். நெருப்பும் பேயும் அண்டாதிருக்க வேண்டுமென்றே சுட்டு வைத்த காவல் குறி என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி. நாயை நம்பி வந்த பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

இன்னொரு சாமான், மணியடிக்கும் மரப்பொம்மை. ஒரு காலத்தில் கடிகாரத்தோடு இணைந்து மணிக்கொருதரம் மணியை அடித்த ஆள், 1682 என்று வருஷம் போட்டிருக்கிறது. இப்போது கயிறை இழுத்தால் ஆராதனை தொடங்கும் நேரத்தில் மணி அடிப்பார், கூடவே தலையும் திரும்பும். நான் போன நேரத்தில் அடிக்கவில்லை, அதற்காகவே ஒரு ஞாயிறு போக வேண்டும். சில மைல் தூரத்தில் சௌத்வோல்ட் சர்ச்சில் இவருடைய அண்ணன் ஒருவர் இருக்கிறார், இவரைவிடப் பழையவர், முழுக் கவசம் அணிந்த போர்வீரர். வேலைப்பாட்டில் சௌத்வோல்ட்காரர் ஜெயிப்பார், முகக்களையில் பிளைத்பரோக்காரர்.

பிரசங்க மேடை 17 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஜேம்ஸ் அரசர் காலத்து வேலை. நேர்த்தியாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஹாப்டன் கல்லறையும் அப்படியே.

பாட்டுக் கேட்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். பக்கத்துக் கடலோர ஊரான ஆல்ட்பரோவின் இசைவிழாக் கச்சேரிகள் இங்கே நடப்பதுண்டு. 1969 ஜூனில் அந்த விழா நடக்கும் ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கு விழாவின் தொடக்கத்திலேயே தீப்பிடித்து எரிந்தபோது, அங்கே நடக்கவிருந்த மொசார்ட் ஓபராவை (பாட்டு நாடகம்) இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் குழுவினர் இந்தச் சர்ச்சுக்குத்தான் மாற்றினார்கள். வளைவு குறுக்கிடாத ஒரே கூடம், தலைக்கு மேல் மரக்கூரை. ஒலி மோதித் திரும்பாமல் உருண்டு வருகிறது. யாரோ ஒருவர் பியானோவில் பழகிக்கொண்டிருந்ததைக் கேட்டே எனக்கு இது தெரிந்தது.

குறைகள் என்றால், குளிர். கோடையிலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். பெஞ்சு உருவங்களில் எது எந்தப் பாவம் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடாது, போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் பலன் இரட்டிப்பு. தரை சமமில்லை, வயசானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். மழைநாளில் மேல்ஜன்னல் வெளிச்சம் செத்துவிடும், கூரை வண்ணம் தெரியாது. வெயில் அடிக்கும் நாளில் முற்பகல் போவது உத்தமம்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. பகலில் திறந்திருக்கும். ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். கார் இருந்தால் ஏ12 வாசலிலேயே விடும். ரயிலில் என்றால் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து இப்ஸ்விச், அங்கே லோஸ்டாஃப்ட் வண்டிக்கு மாறி டார்ஷமிலோ ஹேல்ஸ்வொர்த்திலோ இறங்கி, அங்கிருந்து டாக்சி. டாக்சியை முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் சர்ச் முடிந்ததும் கழிமுகக் கரையில் வால்பர்ஸ்விக் பக்கம் நடக்கலாம், பறவை நிறைய.

கடைசியாக ஒன்று. போகும்போது கொஞ்சம் சில்லறையோ கார்டோ வைத்துக்கொண்டு உண்டியலில் போடுங்கள். ஈயக் கூரைக்கும் ஜன்னலுக்கும் ஓயாமல் செலவு வைக்கும் கட்டடம், ஊரில் இருப்பதோ சில நூறு பேர். என் மார்க் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, பெஞ்சின் முதுகுப்பலகைக்காகக் குறைத்தது.